கிலுகிலுப்பையும் குழந்தையின் செவியும்: மைசூர் வட்டாரத்தில் மழலைச் செவிப்பயிற்சியின் வரலாறு

நஞ்சன்கூட்டைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, ஸ்ரீகண்டேசுவரர் ஆலயத்தைப் பற்றியோ, கபிலை ஆற்றின் மேல் 1735இல் கட்டிய பழம்பாலத்தைப் பற்றியோ, ரசபாளே வாழைப்பழத்தைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றிப் பெரியவர்கள் பலர் எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது: கைக்குழந்தையின் காது. அது எப்படிக் கேட்கப் பழகுகிறது, விளையாட்டு அதற்கு எப்படித் துணை செய்கிறது, இதை நம் முன்னோர் எந்த அளவுக்கு அறிந்திருந்தார்கள், எதை அறியாமல் விட்டார்கள் என்பதே இக்கட்டுரை.

நான் மருத்துவன் அல்லன். பித்தளைப் பாத்திர வியாபாரி. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம் எங்களுடையது. தந்தையார் காலத்தில் பிழைப்புக்காக இங்கே வந்தோம். இந்தப் பொருளைப் படிக்கத் தொடங்கியதற்கு என் வீட்டிலேயே காரணம் இருந்தது. அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

ஐந்தாம் அறிவு

உயிர்களை அவற்றின் புலன்களைக் கொண்டு வகுக்கும் மரபு நமக்கு மிகப் பழையது. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு என்று தொடங்கி, நத்தை, எறும்பு, வண்டு, விலங்கு என்று படிப்படியாக ஏறி மனிதனை ஆறறிவில் நிறுத்துகிறது. தொடு உணர்வு, சுவை, மூக்கு, கண், செவி, மனம் என்பது அதன் வரிசை. உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரமும் ஓரிந்திரிய உயிர் முதல் ஐயிந்திரிய உயிர் வரை வகுக்கும்போது செவியையே கடைசியில் வைக்கிறது. அதாவது புலன்களிலே உயர்ந்த படி செவி. அதற்கு அடுத்த படி மனம். இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த நாளில், செவியும் மனமும் இப்படி அடுத்தடுத்து நிற்பதைக் கண்டு வெகுநேரம் யோசித்தேன்.

இன்றைய அறிவியலும் இதற்கு ஒருவகையில் சாட்சி சொல்கிறது. கருவில் இருக்கும் குழந்தையின் உள்செவி ஆறாம் மாத அளவிலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தை, தாயின் குரலை வேறொரு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிந்து அதையே விரும்பிக் கேட்கிறது என்று டி காஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் 1980இல் காட்டினார்கள். குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர்க் காம்பைக் கொடுத்து, சப்பும் வேகத்தைக் கொண்டு அவர்கள் இதைக் கண்டார்கள்.

ஆனால் காது திறந்திருப்பது வேறு, கேட்கத் தெரிவது வேறு. காது ஒலியை வாங்கிக் கொடுக்கும். அதைப் பிரித்துப் பொருள் காண்பது மூளை. அந்தப் பழக்கம் வாழ்வின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் வேகமாகப் படிகிறது. அந்தக் காலத்தில் ஒலி போய்ச் சேரவில்லையென்றால், பின்னால் எவ்வளவு உரக்கச் சொன்னாலும் முழுப்பயன் கிடைப்பது கடினம். வியாபாரி கணக்கில் சொன்னால், முதல் போட வேண்டிய காலம் அது. தவறவிட்டால் வட்டி பேசிப் பயனில்லை.

பிள்ளைத்தமிழ் போட்ட மாதக் கணக்கு

குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பகுத்துப் பாடிய இலக்கிய வகை தமிழில் உண்டு. அதுவே பிள்ளைத்தமிழ். பெரியாழ்வார் பாசுரங்களில் அதன் கரு இருக்கிறது. தனி நூலாக இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் என்பர்.

பருவங்கள் பத்து. மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி, அதன்பின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பது ஒரு மரபுக் கணக்கு. பாட்டியல் நூல்களுக்குள் மாத எண்ணிக்கையில் வேறுபாடு உண்டு. வரிசையில் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த வரிசையை இன்றைய செவி வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் மூன்று மாதம் குழந்தை பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடும். பழகிய குரல் கேட்டால் அழுகையை நிறுத்தும். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் ஒலி வந்த பக்கம் கண்ணைத் திருப்பும். ஒன்பது மாத அளவில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். கை தட்டு என்றால் தட்டும். அதுதான் சப்பாணி. பன்னிரண்டு, பதின்மூன்று மாதத்தில் வா என்ற சொல்லுக்கு வரும். அதுதான் வருகை. ஒன்றேகால், ஒன்றரை வயதில் நிலா எங்கே என்று கேட்டால் கையைக் காட்டும். அதுதான் அம்புலி. புலவர்கள் மருத்துவ நூல் எழுதவில்லைதான். ஆனால் வீட்டுப் பெண்கள் குழந்தையோடு ஆடியதைக் கூர்ந்து பார்த்துத்தான் பாடியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

விளையாட்டுச் சாமானும் பழையதுதான். ஹரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுகளில் உள்ளே சிறு உருண்டைகள் போட்ட சுடுமண் கிலுகிலுப்பைகள் கிடைத்திருக்கின்றன. நம் ஊரில் பனையோலையில் முடைவார்கள். இங்கே மைசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே உள்ள சென்னபட்டணத்தில் மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றிச் செய்கிறார்கள். கன்னடத்தில் கிலகி என்பார்கள். நஞ்சன்கூட்டில் ஐந்து தேர் ஓடும் பெரிய ஜாத்திரையில் கிலகி விற்கும் கடை இல்லாமல் இருக்காது.

இவ்வளவும் இருந்தும் நம் மரபில் ஒரு குறை இருந்தது. அதை நான் என் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன்.

என் கடையில் நான் செய்த சோதனை

என் மகள் 1980 ஏப்ரலில் பிறந்தாள். 1981 பிப்ரவரியில் சிரவணபெளகொளாவில் கோமடேசுவரருக்கு ஆயிரமாவது ஆண்டு மகாமஸ்தகாபிஷேகம் நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் ஹெலிகாப்டரிலிருந்து பூத்தூவிய விழா அது. நாங்களும் குடும்பத்தோடு போயிருந்தோம். மேளமும் சங்கும் ஜயகோஷமும் காதைப் பிளக்கிறது. மற்ற குழந்தைகள் வீறிட்டு அழ, என் மகள் என் தோளில் நிம்மதியாகத் தூங்கினாள். "என்னா சமத்துப் பொண்ணு!" என்று பக்கத்தில் நின்ற அம்மாள் சொன்னார். எங்களுக்குப் பெருமையாக இருந்தது. ஹெலிகாப்டர் வந்தபோது விழித்திருந்தாள். எல்லாரும் மேலே பார்த்தார்கள், அவளும் பார்த்தாள். அவள் வானத்தைப் பார்த்தாளே தவிர, அதற்கு முன்னால் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பார்த்தாள் என்பது பல வருஷம் கழித்துத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

ஒன்றேகால் வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. என் தாயாருக்கு மட்டும் சந்தேகம். "நான் கூப்ட்டா திரும்ப மாட்டேங்குதுடா" என்றார். நான் ஒரு சோதனை செய்தேன். கடையில் மரப்பலகை மேல் அவளை உட்கார வைத்து, பின்னால் நின்று பெரிய பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டேன். உடனே திரும்பினாள். "பாத்தீங்களாம்மா, நல்லா கேக்குது" என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டேன். எங்கள் தாத்தாவே நாலு வயதில்தான் பேசினாராம் என்று உறவினர் ஆறுதல் சொன்னார்கள். நாங்கள் காட்டிய ஒரு டாக்டரும் பொறுத்துப் பாருங்கள் என்றார். பக்கத்து வீட்டார் நஞ்சுண்டனுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஹகீம் நஞ்சுண்டன் என்று திப்பு சுல்தானே போற்றிய தெய்வமாயிற்றே. இப்படியே மூன்றரை வயது ஆகிவிட்டது.

நான் செய்த சோதனையில் என்ன பிழை? பலகையின் அதிர்வு அவள் உடம்பில் பட்டது. அவள் காதால் திரும்பவில்லை. தொடு உணர்வால் திரும்பினாள். தொல்காப்பியர் சொன்ன முதல் அறிவை நான் ஐந்தாம் அறிவு என்று எண்ணிவிட்டேன்.

நம் மழலை விளையாட்டுகளின் குறையும் இதுவே. சப்பாணி கொட்டு என்று சொல்லும்போதே நாம் நம் கையைத் தட்டிக் காட்டுகிறோம். நிலா எங்கே என்று கேட்கும்போதே அண்ணாந்து பார்க்கிறோம். தாலாட்டில் தோளின் ஆட்டமும் மார்பின் அதிர்வும் சேர்ந்தே போகின்றன. கண்ணும் உடம்பும் காதும் ஒன்றாகச் சேர்ந்த விளையாட்டு கேட்கும் குழந்தைக்கு அமுதம். கேளாத குழந்தையோ கண்ணாலும் உடம்பாலுமே ஆடிக் காட்டிவிடும். காது வெறுங்கையோடு நிற்பது யாருக்கும் தெரியாது.

மான்செஸ்டர் கிலுகிலுப்பையும் இலண்டன் படப்பெட்டியும்

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஐரீன் ஈவிங், அலெக்சாண்டர் ஈவிங் தம்பதியர். 1944இல் அவர்கள் வெளியிட்ட முறை மிக எளியது. குழந்தை தாயின் மடியில் இருக்கும். ஒருவர் எதிரே உட்கார்ந்து ஏதாவது விளையாட்டுக் காட்டி, குழந்தையின் கவனம் சற்றே தளரும்படி நிறுத்துவார். இன்னொருவர் பின்னால், குழந்தையின் கண்ணில் படாமல், நிழல் விழாமல், தரையும் மடியும் அதிராமல், காதின் மட்டத்தில் மெல்லிய ஒலி எழுப்புவார். கிலுகிலுப்பை, கோப்பைக்குள் கரண்டியை உரசுவது, மெல்லிய தாளைக் கசக்குவது, இவைதான் கருவிகள். பிரிட்டனில் ஏழெட்டு மாதக் குழந்தைகளுக்கு இந்தச் சோதனை பல பத்தாண்டுகள் நடந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் பெரிய ஓசை எழுப்பவில்லை என்பது. பெரிய ஓசை உடம்பைத் தொடும். மெல்லிய ஓசைதான் காதைச் சோதிக்கும். நான் தாம்பாளத்தைப் போட்டதற்குப் பதில் ஒரு டம்ளருக்குள் கரண்டியைச் சுழற்றியிருந்தால் இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும்.

சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு இலண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்னும் இருவர் 1947இல் ஒரு படப்பெட்டி செய்தார்கள். ஒலி கேட்கும்போது குழந்தை பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் விளக்கெரிந்து படம் தெரியும். ஒலி இல்லாதபோது அழுத்தினால் தெரியாது. நம் ஜாத்திரையில் பயாஸ்கோப் பெட்டிக்குக் காசு கொடுப்பது போல, அங்கே குழந்தை கேட்டலையே காசாகக் கொடுத்தது. பின்னால் இதுவே எளிமையாகி, ஒலி கேட்டால் கூடையில் ஒரு வளையம் போடு என்ற விளையாட்டாயிற்று. இன்றும் இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைகளின் செவியளவை இப்படித்தான் எடுக்கிறார்கள்.

1978இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், நலமான உள்செவி ஒலியை வாங்குவதோடு தானும் ஒரு மெல்லிய ஒலியைத் திருப்பி வெளியிடுகிறது என்று கண்டார். அந்த எதிரொலியைப் பிடிக்கும் கருவி வந்தபின், தூங்கும் பச்சிளங்குழந்தையின் காதைச் சில நிமிடங்களில் சோதிக்க முடிந்தது. குழந்தை திரும்ப வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

மானசகங்கோத்ரியில் தாய்மார்

இனி நம் மைசூருக்கு வருவோம். மும்பையில் 1880களிலும், பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையாரால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் காது கேளாதோர் பள்ளிகள் தோன்றின. மைசூரில் 1901ஆம் ஆண்டிலேயே காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளி வந்தது. ஆனால் இவையெல்லாம் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானவை. தொட்டில் வயதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

1965இல் மைசூரில் மத்திய அரசு ஒரு நிறுவனம் தொடங்கியது. முதலில் லோகோபீடிக்ஸ் நிறுவனம் என்ற பெயரில் இருந்து, அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனம் என்று பெயர் பெற்றது. ஊரில் எல்லாரும் சொல்வது 'ஆயிஷ்'. மானசகங்கோத்ரியில் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. நஞ்சன்கூட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். மூன்றரை வருஷம் எங்களுக்கு அந்த வழி தெரியாமல் போயிற்று.

1983 கடைசியில் மகளை அங்கே கூட்டிப்போனோம். இரு காதிலும் கடுமையான குறைபாடு என்றார்கள். அந்தக் காலத்துக் கருவி தீப்பெட்டியைவிடப் பெரியது. சட்டைப் பையில் வைத்து, காதுக்கு ஒரு ஒயர் போகும். எனக்கு வியப்பளித்தது வேறொன்று. குழந்தையை விட்டுவிட்டுப் போங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. என் மனைவியையும் உட்காரச் சொன்னார்கள். தாய்மார்கள் பயிற்சி அறையில் இருந்து, பயிற்றுநர் செய்வதைப் பார்த்து, தாங்களும் செய்து, வீட்டில் தொடர வேண்டும். குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் வீட்டில்தானே இருக்கிறது.

இந்த எண்ணம் உலகில் பல இடங்களில் தாய்மாராலேயே வளர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸில் லூயிஸ் டிரேசி அம்மையார், காது கேளாத தன் மகன் ஜான் பெயரில் 1942இல் ஒரு நிலையம் தொடங்கி, உலகெங்கும் உள்ள பெற்றோருக்குத் தபாலிலேயே பாடம் அனுப்பினார். சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, இளங்குழந்தைகளையே எடுத்துக்கொண்டு தாயோடு சேர்த்துப் பயிற்றியது. மைசூரிலேயே காது கேளாக் குழந்தைகளின் பெற்றோர் சங்கம் நடத்தும் பள்ளியில், வெளியூர்த் தாய்மார்கள் வந்து தங்கித் தம் குழந்தைகளோடு தாங்களும் படித்தார்கள்.

அங்கே கற்பித்த விளையாட்டின் இலக்கணம் ஒரே வரிதான்: முதலில் ஒலி, பிறகு காட்சி. நம் விளையாட்டில் இரண்டும் ஒன்றாக வரும். அங்கே பிரித்து வைத்தார்கள். பொம்மையைத் துணிக்குள் மறைத்து அதன் ஒலியை முதலில் கேட்கச் செய்வார்கள். குழந்தை நிமிர்ந்த பிறகே துணியை விலக்குவார்கள். அழைப்பு மணி அடித்தால், காதைத் தொட்டுக் காட்டி, "கேட்டியா? யார் வந்திருக்காங்க?" என்று கேட்ட பிறகே கதவைத் திறப்பார்கள். ஒலிக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது என்று மூளை அறிந்துகொள்வதற்கான வழி இது.

எந்த மொழியில் கேட்கச் சொல்வது?

புலம்பெயர்ந்த தமிழர் சங்கத்து மலர் இது என்பதால் இதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு, எட்டு மாதத்தில் இந்தியில் உள்ள நுனிநா ஒலியையும் நாமடி ஒலியையும், அதாவது நம் த, ட போன்றவற்றை, பிரித்தறிகின்றன. பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிடுகிறது. தன் வீட்டில் கேளாத வேறுபாட்டைக் காது கைவிட்டுவிடுகிறது. ல, ள, ழ பிரித்துச் சொல்லாத பிள்ளைகளைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் வருத்தப்படுகிறோமே, அதன் விதை முதல் ஆண்டிலேயே விழுகிறது. எழுத்துகள் வாயில் எங்கே பிறக்கின்றன என்று நன்னூலில் நுட்பமாக வகுத்தார் எங்கள் பவணந்தி முனிவர். அவரை ஆதரித்த சீயகங்கன் கோலார் ஆண்ட கங்கர் மரபினன் என்பது கர்நாடகத் தமிழர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி. வாயில் பிறக்குமுன் அவ்வெழுத்துகள் காதில் பிறந்தாக வேண்டும் என்பதைத்தான் இந்த ஆய்வு சொல்கிறது.

1983இல் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. கன்னடப் பள்ளியில் சேர்க்கப் போகிறோம். காது கேளாத குழந்தைக்கு இரண்டு மொழி பாரம். கன்னடம் ஒன்றே போதும் என்று நாங்களே முடிவு செய்தோம். அன்று பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் என் மனைவியும் அவளிடம் எங்களுக்குத் தெரிந்த கடைத்தெருக் கன்னடத்தில் பேசினோம். விலை சொல்லத் தெரியும், பாக்கி கேட்கத் தெரியும். கதை சொல்லவோ கொஞ்சவோ தெரியாது. மகள் கன்னடம் கற்றாள். உதடு பார்த்துப் புரிந்துகொண்டாள். தமிழ் மட்டுமே அறிந்த என் தாயாருக்கும் அவளுக்கும் நடுவே கை ஜாடைதான். ஆயா தலை வாரிவிடுவார், சோறு ஊட்டுவார். பேச்சு மட்டும் கிடையாது. முதன்முதலில் சந்தேகப்பட்டவர் அவர்தான். அவர் குரல்தான் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. 1994இல் அவர் காலமானார்.

வீட்டு மொழியை விட்டுவிட வேண்டியதில்லை என்பதே இன்றைய அறிஞர் கருத்து. பெற்றோருக்கு எந்த மொழியில் சரளமாகக் கொஞ்சவும் பாடவும் கதை சொல்லவும் முடியுமோ, அந்த மொழியே குழந்தையின் செவிக்கு நல்ல உணவு. முதலில் ஒரு மொழி உறுதியாக அமைந்தால் மற்றது அதன்மேல் ஏறும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, சைகை மொழியைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. அதன் தாக்கம் உலகமெங்கும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. நாங்களும் மகள் கையை அசைத்தால் தடுத்தோம். அது தவறு. சைகை மொழி இலக்கணமுள்ள முழு மொழி. 2015இல் இந்தியச் சைகை மொழிக்கென்றே மத்திய அரசு டெல்லியில் ஒரு மையம் அமைத்தது. என் மகளின் நெருங்கிய தோழியர் எல்லாரும் சைகையில் பேசுபவர்களே. அவள் முகம் முழுதாக மலர்வதை அவர்கள் நடுவில்தான் பார்த்திருக்கிறேன்.

முப்பத்துநாலு வருஷம் கழித்து

2014இல் என் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மைசூரில் பிரசவம். இரண்டாம் நாளே காதுச் சோதனை செய்தார்கள், தேறவில்லை. மறுபடி செய்தும் தேறவில்லை. மூன்றாம் மாதத்தில் குறைபாடு உறுதியாயிற்று. நாலாம் மாதம் கருவி மாட்டினார்கள். ஒன்றரை வயதில் உள்செவிக் கருவி பொருத்தும் அறுவை நடந்தது.

அத்தைக்கும் மருமகளுக்கும் ஒரே குறை ஏன்? நான் என் அத்தை மகளை மணந்தவன். என் மகனும் சொந்தத்தில்தான் மணந்தான். பிறவிச் செவிட்டுத்தன்மைக்குக் காரணமான மரபணுக்களுள் முக்கியமான கனெக்சின் 26 என்பது 1997இல் கண்டறியப்பட்டது. இத்தகைய குறை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். நெருங்கிய உறவில் மணந்தால் அது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும். சிறிய சமூகமான எங்களுக்குச் சொந்தத்தில் பெண் எடுப்பது வழக்கம். இதை எழுதுவதில் கூச்சம் இருக்கிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

இம்முறை வீட்டில் தமிழே பேசினோம். என் மனைவி அன்று மகளுக்குப் பாடாமல் விட்ட தாலாட்டை எல்லாம் பேத்திக்குப் பாடினாள். நான் கடையிலிருந்து சிறு டம்ளரும் கரண்டியும் கொண்டுவந்து ஒலி விளையாட்டு ஆடினேன். பேத்தி இன்று தமிழும் கன்னடமும் பேசுகிறாள். ழகரம் கொஞ்சம் தடுமாறும். அது காது கேட்கும் பிள்ளைகளுக்கும் தடுமாறத்தான் செய்கிறது. அத்தையிடம் சைகையில் பேசவும் கற்றுக்கொண்டிருக்கிறாள். குடும்பத்தில் மூன்று மொழியும் அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

இரு குழந்தைகளுக்கும் காது ஒரே மாதிரி, வேறுபட்டது காலம். ஆறு மாதத்துக்குள் குறை கண்டறிந்து உதவி பெற்ற குழந்தைகள், பின்னால் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் நன்கு முன்னேறுகிறார்கள் என்று அமெரிக்காவின் கொலராடோவில் யோஷினாகா இட்டானோ குழுவினர் 1998இல் வெளியிட்டனர். ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் பயிற்சி தொடங்குதல் என்ற 1-3-6 கணக்கு இன்று உலகெங்கும் சொல்லப்படுகிறது. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேருக்கு இக்குறை இருப்பதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள்.

இந்தியாவில் செவிட்டுத்தன்மைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2006-07இல் தொடங்கியது. ஆயிஷ் நிறுவனம் மைசூர் செலுவாம்பா மருத்துவமனை முதலிய இடங்களில் பச்சிளங்குழந்தைகளைச் சோதிக்கிறது. நம் நஞ்சன்கூடு வட்டத்து ஹுல்லஹள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அதன் சேவை மையம் அமைந்தது. அன்று நாங்கள் தேடிப் போகத் தெரியாமல் நின்ற கல்வி, பிறகு நம் கிராமத்துக்கே வந்தது. உள்செவிக் கருவி பொருத்த, மத்திய அரசின் அடிப் திட்டத்திலும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் உதவி உண்டு. ஐந்து, ஆறு வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் காலம் கடத்தக் கூடாது.

வீட்டில் ஆடத்தக்கவை

கேட்கும் குழந்தைக்கும், கருவி அணிந்த குழந்தைக்கும் பொருந்தும் சிலவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம்: முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்து பேசுங்கள், பாடுங்கள். குழந்தை 'ங்கா' என்றால் நீங்களும் 'ங்கா' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். பேச்சு மாறி மாறி நடப்பது என்பதை அது இங்கேதான் கற்கிறது. டிவியை நிறுத்துங்கள்; பின்னணி இரைச்சலில் மெல்லொலிகள் அமுங்கிப்போகும்.

ஆறு முதல் பன்னிரண்டு மாதம்: கிலுகிலுப்பையைக் கண்ணில் படாமல் ஒரு பக்கம் ஆட்டி, குழந்தை திரும்பிய பிறகே காட்டுங்கள். குக்கர் விசில், கோயில் மணி, தயிர்க்காரர் குரல், எது வந்தாலும் காதைத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லுங்கள். சப்பாணி கொட்டச் சொல்லும்போது ஒரு முறையாவது உங்கள் கையை அசைக்காமல் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று முதல் மூன்று வயது: பெரிய டம்ளர் கொண்டா, சின்ன டம்ளர் கொண்டா என்று கைகாட்டாமல் ஏவுங்கள். மறைந்து நின்று குரல் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பறை கொட்டினால் நட, நிறுத்தினால் நில் என்று ஆடுங்கள்; சிறுபறைப் பருவம் வேறென்ன? கருவி அணிந்த குழந்தையிடம் தினமும் காலையில் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை, வாயைக் காட்டாமல் சொல்லிப் பாருங்கள். டேனியல் லிங் என்ற அறிஞர் வகுத்த சோதனை இது. தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சின் எல்லை முழுவதும் இந்த ஆறில் அடங்கும். இதில் பாதி நம் முதல் மூன்று நெட்டெழுத்துகளே என்பது மகிழ்ச்சி.

செய்யக்கூடாதது: காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். சீழ் வந்தால் கை வைத்தியம் வேண்டாம். பிறந்தபோது சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னால் குறை வரலாம் என்பதை மறக்க வேண்டாம். பாத்திரத்தைக் கீழே போட்டுப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள்.

முடிவுரை

நம் தாலாட்டும் சப்பாணியும் அம்புலியும் செவியை வளர்க்கும் நல்ல கருவிகள். ஆனால் அவை வளர்க்குமே தவிர அளக்கா. அளப்பது பிறந்த மாதத்திலேயே மருத்துவமனையில் நடக்க வேண்டும். வளர்ப்பது அன்றிலிருந்தே வீட்டில், தாய்மொழியில், விளையாட்டாக நடக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது என்பதே இவ்வளவு நாள் படித்ததில் நான் கண்ட முடிவு.

பாட்டி, அத்தை, வேலைக்கு வரும் அம்மாள் என்று யாராவது ஒருவர், "கூப்ட்டா திரும்ப மாட்டேங்குது" என்று சொன்னால், அந்தச் சொல்லைத் தள்ளாதீர்கள். அன்று நான் தள்ளினேன். சங்கத்து இளம் தம்பதியர் இந்த ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால்கூட இக்கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிட்டும்.